கட்டிப்போட்ட மூன்றாவது பிராசசர்

நான் ஒரு மேதை என்று என்னிடம் யாரும் சொன்னதில்லை. நானேதான் கண்டுபிடித்தேன், 1999-இல், ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லின் ஏசி அறையில். மேனேஜருக்கே இல்லாத ஏசியை எனக்கு, இந்தத் தனுஷ்கோடிக்கு, போட்டிருக்கிறார்களே என்று ரொம்ப நாள் பூரித்துக்கொண்டிருந்தேன். யுனிக்ஸ் சர்வருக்காகப் போட்டதாம்.

அந்தச் சர்வருக்குள் நான்கு பிராசசர்கள். பெட்டி ஒன்றுதான், சாப்ட்வேரால் இரண்டாகப் பிரித்திருந்தோம். நூல் மூட்டைகளின் எடையும் லாரிகளுக்கான கேட் பாஸும் மில் பக்கம். முதலாளி பார்க்கிற அறிக்கைகள் ஆபீஸ் பக்கம். பக்கத்துக்கு இரண்டு பிராசசர். வேண்டுமென்றால் ஒரு பக்கத்திலிருந்து எடுத்து மறுபக்கம் கொடுக்கலாம். அப்படிக் கொடுக்கத் தெரிந்தவன் மில்லில் நான் ஒருவன்தான் என்பதால் எனக்கு நடையே மாறிப்போயிருந்தது.

புரட்டாசி இரண்டாம் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு முதலாளிக்கு ஒரு புது அறிக்கையைக் காட்டுவதாக ஏற்பாடு. ஆறு மாத உற்பத்தியும் ஒரே திரையில் படமாக வரும். ஒத்திகையில் அது வர நாலு நிமிடம் ஆனது. முதலாளி நாலு நிமிடம் சும்மா உட்காருகிற ஆள் இல்லை. யோசித்தேன். புரட்டாசிச் சனி, பாதி மில் ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துத் திருவண்ணாமலைக்குப் பெருமாளைப் பார்க்கப் போய்விடும், மில் பக்கம் ஈ ஓட்டிக்கொண்டிருப்பார்கள். அங்கிருந்து ஒரு பிராசசரை எடுத்து ஆபீஸ் பக்கம் போட்டேன்.

எடுத்ததோடு விட்டேனா? கட்டியும் போட்டேன். சும்மா கொடுத்த பிராசசரை மெஷின் ஓடும்போதே திருப்பி எடுக்கலாம். கட்டிப்போட்டதை எடுக்க வேண்டுமென்றால் அந்தப் பக்கத்தையே நிறுத்த வேண்டும். முதலாளி உட்கார்ந்திருக்கும்போது எவனாவது போன் பண்ணி "திருப்பிக் கொடு" என்றால், கொடுக்க வழியே இருக்கக் கூடாது பாருங்கள். அம்புட்டு முன்யோசனை எனக்கு.

முதலாளி வந்தார். படமும் வந்தது. நாலு நிமிடம் இரண்டரை நிமிடமாகியிருந்தது. அந்த ஒன்றரை நிமிடத்துக்குத்தான் இத்தனை வேலையும்.

பத்து இருபதுக்கு எடை ரூமிலிருந்து பரிபூரணம் போன் பண்ணினாள். கேட் பாஸ் போடுகிறவள் அவள்தான்.

"சார், இங்க ஒண்ணும் நகரமாட்டேங்கு. ஒரு பாஸுக்கு இருவது நிமிசம் ஆவுது. ஒம்போது லாரி நிக்கி."

"இன்னைக்கு ஏதும்மா ஒம்போது? பாதிப் பேரு மலைக்குப் போயிருப்பாகளே?"

"மத்தியானம்தான போவாக. அதுக்காகத்தான் விடியக்காலமே வந்து ரெண்டு ஷிப்ட்டு சரக்கையும் ஏத்தி முடிச்சுட்டாக. வருசா வருசம் இப்பிடித்தான. நீங்களே மத்தியானம் லீவு சொல்லியிருக்கீகளே சார்."

சொல்லியிருந்தேன்தான். ஸ்ரீவில்லிபுத்தூரில் பிறந்து வளர்ந்தவன் நான். மலைக்குப் போக வேட்டியைக்கூடப் பையில் மடித்து வைத்திருந்தேன். மில்லில் கூட்டுகிறவருக்கும் தெரிந்த விஷயம் மேதைக்குத் தெரியவில்லை.

முதலாளியிடம் லைனில் கோளாறு என்று சொல்லிவிட்டு எடை ரூமுக்கு ஓடினேன். ஜன்னலோரம் லாரி டிரைவர் நைனா முகமது நின்றிருந்தார். கடையநல்லூர்க்காரர், அமைதியான மனுஷர். வரிசையில் ஐந்தாவது வண்டி அவருடையது.

"நாளைக்குக் காலையில மகளுக்கு நிக்காஹ் சார். தூத்துக்குடி குடோன நாலு மணிக்கு மூடிருவாங்க. அதுக்குள்ள இறக்கலேன்னா திங்கக்கிழமை வரைக்கும் லோடோட அங்கனயே கெடக்கணும். பதினொண்ணுக்குள்ள விட்டீங்கன்னா போய்ச் சேந்துருவேன்."

திட்டியிருந்தால் நானும் பதிலுக்குத் திட்டியிருப்பேன். அவர் கெஞ்சக்கூட இல்லை, விவரத்தைச் சொன்னார்.

"இவர் பாஸை முன்னால போடும்மா" என்றேன்.

"போட்ட வரிசையிலதான் பாஸ் வரணும்னு நீங்கதான சார் அமைச்சு வச்சிருக்கீக."

"பழைய கைப்பாஸ் புத்தகம்?"

"போன மாசம் நீங்கதான் எரிக்கச் சொன்னீக."

ஏசி அறைக்குத் திரும்பினேன். முதலாளி நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து ஜூன் மாதத்தை ரசித்துக்கொண்டிருந்தார். பிராசசரைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமென்றால் அவர் கண் முன்னாலேயே ஆபீஸ் பக்கத்தை நிறுத்த வேண்டும். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஐந்து நிமிடம் யோசித்தேன். ஒரு மனுஷரின் மகள் கல்யாணம் ஒரு பக்கம், என்னுடைய ஒன்றரை நிமிடம் ஒரு பக்கம். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று இன்றைக்கு எனக்கே புரியவில்லை.

நிறுத்தினேன். திரை கறுத்துப்போனது.

"ஏமய்யா, ஏமாயிந்தி?" என்றார் முதலாளி. அவசரமென்றால் 'என்ன ஆச்சு' என்பதுகூட அவருக்குத் தெலுங்கில்தான் வரும்.

"மில் பக்கம் லோடு சாஸ்தி சார். லாரியெல்லாம் நிக்குது. அதான் ஆபீஸை நிறுத்திட்டு அவங்களுக்கு ஒரு பிராசசர் குடுத்தேன்."

ஒரு வார்த்தை பொய் இல்லை. அது யாருடைய பிராசசர் என்பதை மட்டும் சொல்லவில்லை.

"நல்ல காரியம் பண்ணுனய்யா" என்று என் தோளைத் தட்டிவிட்டு எழுந்து போனார். பத்து ஐம்பத்தைந்துக்கு நைனா முகமதுவின் லாரி கேட்டைத் தாண்டியது.

புதன்கிழமை அவர் ஏசி அறைக்கே வந்துவிட்டார், கையில் ஒரு தம்ரூட் இனிப்புப் பெட்டியோடு. செருப்பை வெளியே கழற்றிவிட்டு வந்தார். வேண்டாம் என்றாலும் கேட்கவில்லை. வழி காட்ட வந்த பரிபூரணம் கதவோரம் நின்றாள்.

"மொதலாளியே உக்காந்திருக்கயில மிஷின நிறுத்திட்டு எனக்குப் பாஸ் போட்டீங்களாமே சார். ஆபீஸ்ல பேசிக்கிட்டாங்க. நிக்காஹ் முடிஞ்சதும் உங்களுக்கும் உங்க புள்ளைகளுக்கும் சேத்து துஆ கேட்டோம்."

பரிபூரணம் என்னைப் பார்த்தாள். மில் பக்கம் எத்தனை பிராசசர் ஓடுகிறது என்று அவள் திரையின் மூலையில் ஓர் எண் தெரியும். சனிக்கிழமை காலை அது இரண்டிலிருந்து ஒன்றானதை அவள் பார்த்திருப்பாள். அந்த எண்ணை அங்கே போட்டுக் கொடுத்தவனும் நான்தான்.

"சாப்பிடுங்க சார்" என்றாள். "அவரு எம்புட்டுத் தூரம் கொண்டாந்திருக்காரு."

இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டேன். நெய்யும் ரவையும் நன்றாகத்தான் சேர்ந்திருந்தன. விழுங்கத்தான் நேரமானது.