முகம் கழுவாத செபஸ்தியார்

பொழுது விடிந்து, கோயில் வளவில் போட்டிருந்த கூத்து மேடையை ஆட்கள் பிரிக்கத் தொடங்கியபோது மனுவேல் கடற்கரைக்கு இறங்கினான். இரவு முழுவதும் அம்பு தைத்த புனிதர் செபஸ்தியாராக ஆடிய களையில் உடம்பெல்லாம் உளைந்தது. நெஞ்சுச் சட்டையில் குத்தித் தைத்திருந்த அம்புகளில் மூன்று இன்னும் ஆடிக்கொண்டு நின்றன. முகத்தில் பூசிய வெள்ளை, வியர்வையோடு கழுத்துக்கு வழிந்திருந்தது.

அல்லைப்பிட்டியில் எட்டு வருடமாக அந்த வேடம் அவனுக்குத்தான். வலை இழுக்கிற மனுவேலை ஊர் மறந்தே போயிற்று. தலைமயிர் வெட்டினால் வெட்டிய மயிரை யாரோ பொட்டலம் கட்டிக்கொண்டு போகிறார்கள். தவறணையில் போய்க் குந்தினால், "உங்களுக்கோ? வேண்டாம், பாவம் எங்களுக்கு" என்று கள்ளு வார்த்த ஓலைப் பிளாவைப் பின்னால் ஒளிக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு நம்பிக்கை எப்படியோ வந்து சேர்ந்திருந்தது: கூத்து முடிந்து அவன் முகம் கழுவும்வரை, அவன் கையில் செபஸ்தியார் நிற்கிறார் என்று. அதனால் ஒவ்வொரு தை மாதமும் இந்த விடியலில் கடற்கரையில் நாலைந்து பேர் காத்து நிற்பார்கள். அவனும் தலையில் கைவைத்து, தருகிற முட்டையையும் எலுமிச்சம்பழத்தையும் வாங்கிக்கொள்வான். அது அவனுக்குப் பிடித்துமிருந்தது.

இன்று ஒருத்திதான் மணலில் குந்தியிருந்தாள். எழுவைதீவிலிருந்து வந்த மதலேனா. மடியில் நாலு வயது மகள் சின்னக்குட்டி சீலையால் சுற்றிக் கிடந்தாள்.

"தொடுங்கோ சுவாமி. அது போதும்."

தொட்டான். நெற்றி அடுப்புக்கல்லாய்க் கொதித்தது. சீலையை விலக்கிப் பார்த்தான். வலது கால் முழங்கால்வரை வீங்கிப் பளபளத்தது. பாதத்தில் ஒரு கறுத்த பொட்டு.

"என்ன குத்தினது?"

"திருக்கை முள்ளு. வெள்ளிக்கிழமை."

"இண்டைக்குத் திங்கள்! ஊர்காவற்றுறை ஆசுபத்திரியைத் தாண்டித்தானே வள்ளத்திலை வந்தனீர்?"

"ஓம். அங்கை கொண்டுபோனாக் காலைக் கழட்டிப் போடுவினம். ஞாயிறு உங்கடை கூத்து எண்டாப்போலை பொறுத்துக் காத்திருந்தனான்."

மனுவேல் காலைச் சீலையால் மூடினான். தன் பெயரால் ஒரு பிள்ளை மூன்று நாள் வேகிறது.

"தங்கச்சி, நான் மனுவேல். மீன் பிடிக்கிறவன். என்னாலை ஒண்டும் ஏலாது."

அவள் கைகூப்பிச் சிரித்தாள். "பரிசுத்தவான்கள் அப்பிடித்தான் சொல்லுவினம்."

அவன் கடலைப் பார்த்தான். முகத்தைக் கழுவிக் காட்டினால்? இவள் தலையிலடித்துக்கொண்டு பிள்ளையோடு எழுவைதீவுக்கே திரும்பிப் போவாள். மனுவேல் சொன்னால் கேட்கமாட்டாள். அவள் கேட்கக்கூடிய சொல் செபஸ்தியாருடையதுதான். அவன் தொண்டையைச் செருமி, கூத்தில் இராசசபையில் நின்று பாடிய குரலை எடுத்தான்.

"பிள்ளையைத் தூக்கும். ஆசுபத்திரிக்குப் போறம். நானும் வாறன், முகம் கழுவாமல் வாறன். டொக்குத்தர் வெட்டுற நேரம் என்ரை கை பிள்ளையின்ரை தலையிலை இருக்கும். இது என்ரை கட்டளை."

அவள் எழுந்துவிட்டாள்.

மச்சான் இன்னாசித்தம்பி வள்ளத்தைத் தள்ளினான். வாடைக்காற்று பாயை நிறைத்து மேற்கே இழுத்துக்கொண்டு போனது. இன்னாசித்தம்பி அடக்க முடியாமல் காதுக்குள் சொன்னான்: "மச்சான், பிள்ளைக்கு ஏதும் நடந்தா உன்னைச் சனம் உண்மையான அம்பாலை எய்யும்."

"வாயைப் பொத்திக்கொண்டு சுக்கானைப் பிடி."

ஆனால் அதே நினைப்புத்தான் அவனுக்கும். பிள்ளையின் மூச்சை எண்ணிக்கொண்டே வந்தான். செபஸ்தியாரிடம் அவன் மனசாரக் கேட்டது அன்றைக்குத்தான்; எட்டு வருடமும் பாட்டு மறந்துபோகக்கூடாது என்றுதான் கேட்டிருக்கிறான்.

ஆசுபத்திரி வாசலில் மருந்து கலக்குகிற ஆழ்வாப்பிள்ளை ஓடிவந்து, பிள்ளையை விட்டுவிட்டு மனுவேலின் தோளைப் பிடித்தார். "ஐயோ, எத்தினை அம்பு! இரும், இரும், இழுக்காதையும்!"

"எனக்கில்லை ஐயா, பிள்ளைக்கு!"

டொக்குத்தர் அவனை மேலும் கீழும் பார்த்தார். கத்தியைக் கொதிநீரில் போட்டார். மதலேனா கண்ணை மூடிக்கொண்டாள். மனுவேல் சொன்னபடி தலையில் கைவைத்து நின்றான். பாதத்தைக் கீறியதும் பிள்ளை வீரிட்டது. ஒரு சிரட்டை சீழ் வந்தது. அதோடு விரல் நகமளவு முள்முனையும் வந்து தட்டில் விழுந்தது.

"கால் இருக்கும்," என்றார் டொக்குத்தர். "நாளைக்குக் கொண்டுவந்திருந்தா உயிருக்கே சொல்லேலாது."

பின்னேரம் காய்ச்சல் இறங்கத் தொடங்கியது. மனுவேல் ஆசுபத்திரிக் கிணற்றடிக்குப் போய் அம்புகளைப் பிடுங்கி எறிந்தான். நாலு வாளி தண்ணீர் வார்த்தான். வெள்ளை கரைந்து ஓடியது. அம்மைத் தழும்பும் வெயிலில் கறுத்த மூக்குமாக அவனுடைய முகம் திரும்பி வந்தது.

உள்ளே வந்தபோது மதலேனா அவனை யாரென்று அறியாமல் பார்த்தாள். பிறகு அறிந்தாள். கையைக் கூப்பப் போய், பாதியில் விட்டாள்.

"வெள்ளிக்கிழமையே கொண்டு வந்திருக்க வேணும், என்ன?"

"ஓம்."

"நீங்கள் கட்டளை போடாட்டி இண்டைக்கும் வந்திருக்கமாட்டன்."

அவள் சொன்ன இரண்டும் உண்மைதான்.

"வாற வருசம் மேடையிலை இருந்து இறங்கமுன்னமே முகம் கழுவிப்போடுவன்," என்றான்.

சின்னக்குட்டி கண்விழித்து அவனை உற்றுப் பார்த்தது. "அம்மா, அந்த வெள்ளைப் பேய் எங்கை?"

"போயிட்டுது," என்றான் மனுவேல்.

வெளியே இன்னாசித்தம்பி விழுந்து விழுந்து சிரிப்பது கேட்டது. மதலேனாவும் சிரித்தாள், சிரித்தபடியே கஞ்சிக் கோப்பையை அவன் பக்கம் நீட்டினாள்.

"இதைக் கொஞ்சம் பிடியுங்கோ அண்ணை. சுடுகுது, ஊதி ஆத்துங்கோ."

மனுவேல் வாங்கி, நிலத்தில் சம்மணமிட்டிருந்து ஊதத் தொடங்கினான்.