வலிக்கு இங்கிலீஷில் என்ன?

தபால் நிலையத்தில் நாள் முழுக்க முத்திரை குத்திக் களைத்துப்போன நக்லா, மகளைக் கையில் பிடித்துக்கொண்டு நாலு மாடி ஏறி வந்து கதவைத் திறந்தாள். உள்ளே நுழையும் முன் ஒரு விரலை உயர்த்தினாள். ஐந்து வயது லுஜைனுக்கு அந்த விரலின் அர்த்தம் தெரியும். செருப்போடு சேர்த்து அரபியையும் வாசலிலேயே கழற்றி வைத்துவிட வேண்டும். உள்ளே போய்த் தண்ணீர் கேட்பதென்றாலும் இங்கிலீஷ், கக்கூஸ் போவதென்றாலும் இங்கிலீஷ்.

எகிப்தின் டான்டா நகரில் இப்போது பாதி வீடுகளில் இந்தப் பைத்தியம்தான். பெயர்பெற்ற இங்கிலீஷ் பள்ளிகளில் குழந்தையைச் சேர்க்கும் முன் நேர்காணல் வைக்கிறார்கள். பெற்றவர்களும் கூடவே போய் உட்கார வேண்டும். லுஜைனுக்கு வியாழக்கிழமை நேர்காணல்.

நக்லாவுக்கு ஒரு பழைய காயம் இருந்தது. இருபத்திரண்டு வயதில் கெய்ரோவில் ஒரு வங்கி வேலை கைக்கு எட்டும் தூரத்தில் வந்தது. இங்கிலீஷில் கேட்ட கேள்விக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது, வேலை போயிற்று. அன்றைக்குச் சிரித்தவர்களை அவள் இன்னும் மறக்கவில்லை. மகளுக்கு அந்த அவமானம் வரக்கூடாது என்று நினைத்தாள். நினைத்ததில் தப்பில்லை, செய்ததில்தான் தப்பு.

அவள் கணவன் சப்ரி பக்கத்து ஊரான மஹல்லாவுக்கு மைக்ரோபஸ் ஓட்டுகிறவன். அவனுக்குத் தெரிந்த இங்கிலீஷ் 'ஸ்டாப்' மட்டும்தான்.

"வீட்டுக்குள்ள வர்றதுக்கே பாஸ்போர்ட் எடுக்கணும் போலிருக்கே. கொஞ்சம் உப்பு வேணும்னா யார்கிட்டப் போயி விசா கேக்கறது?" என்றான், மொலோகியாக் கீரைக் குழம்பில் ரொட்டியைத் தோய்த்தபடி.

"வியாழக்கிழமை வரைக்கும் வாய மூடிக்கிட்டுச் சாப்பிடுங்க," என்றாள் நக்லா. அவள் சொன்னது அரபியில்தான். சட்டம் போட்டவர்களை எந்தச் சட்டம் கட்டுப்படுத்துகிறது?

திங்கட்கிழமை மாலை லுஜைன் சமையலறைக்கு வந்தாள். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்திருந்தாள்.

"அம்மா, எனக்கு இங்க..."

"ம்ஹும். இங்கிலீஷ்ல."

குழந்தை உதட்டைக் கடித்துக்கொண்டு யோசித்தது. பிறகு காதைத் தொட்டு, "இயர்," என்றது.

நக்லாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "அடி என் தங்கமே! யாரும் கேக்காமலே சொல்றியே!" என்று விதியை மறந்து கொஞ்சினாள். மூக்கு எங்கே, கண் எங்கே என்று இங்கிலீஷில் கேட்டாள். லுஜைன் இரண்டையும் காட்டிவிட்டு மறுபடி காதுக்கே வந்தாள். "இயர். இயர்." பாராட்டாக அவள் சட்டையில் ஒரு காகித நட்சத்திரம் ஒட்டப்பட்டது.

செவ்வாய்க்கிழமை ஐந்து முறை வந்து அதையே சொன்னாள். ஐந்து நட்சத்திரம் கிடைத்தது. புதன்கிழமை ஒன்றும் சொல்லவில்லை. சாப்பிடவில்லை, ஒரே பக்கமாகப் படுத்திருந்தாள். உடம்பு லேசாகச் சுட்டது. நேர்காணல் பயமாக இருக்கும் என்று நக்லா சோம்புத் தண்ணீர் காய்ச்சிக் கொடுத்து, இங்கிலீஷ் பட அட்டைகளை எடுத்து இன்னொரு முறை பாடம் கேட்டாள்.

வியாழக்கிழமை சப்ரி யாரிடமோ வாங்கிய டையைக் கட்டிக்கொண்டு வந்தான். பள்ளியில் நேர்காணல் நடத்திய ஆசிரியை நல்லவிதமாகத்தான் சிரித்தாள். ஆப்பிள் படத்தைக் காட்டி, இது என்ன என்று இங்கிலீஷில் கேட்டாள். லுஜைன் வாய் திறக்கவில்லை. பூனைப் படம், வாய் திறக்கவில்லை. நக்லா பின்னாலிருந்து குழந்தையின் முதுகில் விரலால் குத்தினாள். லுஜைனின் உதடு நடுங்கியது. கையைக் காதுக்குக் கொண்டுபோய், "இயர்," என்றாள்.

"இல்லை, படத்தைப் பார்," என்றாள் ஆசிரியை.

"இயர்!" என்று அலறிய குழந்தை அப்படியே தரையில் சரிந்தது. காதிலிருந்து மஞ்சளாகச் சீழ் வழிந்து வெள்ளைக் காலரை நனைத்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் மக்தலீன் காதைத் துடைத்து, விளக்கு வைத்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"சவ்வு கிழிஞ்சிருக்கு. மூணு நாளாவது இந்தப் புள்ள துடிச்சிருக்கும். நீங்க பெத்தவங்கதானே? ஒரே வீட்லதானே இருக்கீங்க?"

"காது கேக்குமா டாக்டர்?" என்று கேட்டான் சப்ரி.

"இப்ப சொல்ல முடியாது. ஆறட்டும், அப்புறம்தான் தெரியும்." டாக்டர் குழந்தையின் பக்கம் குனிந்தாள். "எப்பலேருந்துடா செல்லம் வலிக்குது?"

லுஜைன் பதில் சொல்லாமல் அம்மாவைப் பார்த்தாள். கண்ணில் கெஞ்சல்.

"அம்மா, இங்க அரபி பேசலாமா?"

நக்லா குழந்தையின் தலையைத் தடவினாள். "பேசுடி. பேசு," என்றாள்.

"திங்கக்கிழமைலேருந்து. அம்மாகிட்டச் சொன்னேன். வலிக்குதுங்கறதுக்கு இங்கிலீஷ்ல என்னன்னு தெரியல. அதான் காதுன்னு மட்டும் சொன்னேன். நிறையத் தடவ சொன்னேன்."

ஆறு நட்சத்திரங்களும் நக்லாவின் கண்முன் வந்தன. வலியைச் சொல்ல வந்த குழந்தைக்குப் பரிசு கொடுத்துத் திருப்பி அனுப்பியிருக்கிறாள்! சுவரில் தலையை மோதிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. சப்ரி ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

மருந்துச் சீட்டோடு வெளியே வந்தபோது பள்ளியிலிருந்து போன் வந்தது. பெரிய மனது பண்ணி அடுத்த செவ்வாய்க்கிழமை இன்னொரு வாய்ப்புத் தருகிறார்களாம். அதற்குள் குழந்தையை நன்றாகத் தயார்ப்படுத்த வேண்டுமாம்.

"நாங்க வரல," என்று சொல்லிப் போனை வைத்தாள் நக்லா.

அப்பாவின் தோளில் கிடந்த லுஜைன் தலையைத் தூக்கினாள். கட்டுப் போட்ட காதைப் பொத்திக்கொண்டு, ரகசியம் கேட்பது போல மெதுவாகக் கேட்டாள்.

"அம்மா, வீட்டுக்குள்ள போனப்புறம் திரும்ப வலிச்சா எப்படிச் சொல்றது? அந்த வார்த்தைய இப்பவே சொல்லிக் குடுக்கறியா?"

அந்த இடத்திலேயே, ஆஸ்பத்திரி வாசல் நெரிசலில், நக்லா அழுதுவிட்டாள். குழந்தையின் நல்ல காதுப் பக்கம் சுற்றி வந்து நின்றாள்.

"உனக்கு எந்த வார்த்தை வருதோ அதுல சொல்லுடி. வார்த்தையே வரலன்னா அழு, ஓடி வர்றேன். பாஷைய எந்த வயசுலயும் கத்துக்கலாம். வலிக்குதுன்னு சொல்லவே புள்ள பயப்படுற வீட்டுல எந்தப் பாஷைய வச்சுக்கிட்டு என்ன பண்றது?"