கூடத்துக்குள் வந்த ரயில் பாதை

தையல்காரர் கையை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். யார் கேட்டார்கள் இவரை?

புருஷனோடு ஒத்துவராமல் கைக்குழந்தையும் பெட்டியுமாக மகள் வந்துவிட்டிருந்தாள். வீட்டில் இருப்பதோ ஒரு கூடம், ஒரு சமையலறை. கூடத்தில் பாதியைத் தையல் மெஷின் அடைத்துக்கொண்டிருந்தது. மெஷின் ஓடினால் குழந்தை தூங்காது. குழந்தை தூங்கினால் மெஷின் ஓடக் கூடாது. மாடியில் ஒரு அறை கட்டியே ஆக வேண்டும். நகராட்சியில் எழுதிக் கொடுத்து, அனுமதி இன்றோ நாளையோ வந்துவிடும் என்கிற நிலைமை.

அந்த நேரம் பார்த்தா மனுஷனுக்கு வரலாற்றுக் கிறுக்கு முற்ற வேண்டும்! பழைய பேப்பர் கடையில் இரண்டு வரைபடங்கள் கிடைத்தன. ஒன்று, தாத்தா காலத்து மனை வரைபடம். இன்னொன்று, எப்போதோ பிடுங்கிப்போட்ட ரயில் பாதையின் வரைபடம். இரண்டையும் வெட்டு மேஜையில் விரித்து, மெல்லிய தாளைப் போட்டு, குண்டூசி குத்தி, ஒன்றன்மேல் ஒன்றாக நகலெடுத்தார். முடித்து நிமிர்ந்தவர் போட்ட கூச்சலில் குழந்தை வீல் என்று எழுந்துவிட்டது.

"ஏய், இங்க வந்து பாரேன்! நம்ம கூடத்துக்குள்ளயே ரயில் ஓடியிருக்கு! ஸ்டேஷனே நம்ம வீடுதான்!"

"ரயில் ஓடினா என்ன, கப்பல் ஓடினா என்ன? தூங்கின குழந்தைய எழுப்பிட்டீங்களே!" என்றாள் மனைவி.

பாராட்ட ஆளில்லாத கடுப்பில் நகலை மடித்து, பெருமையாக ஒரு கடிதமும் எழுதி, ரயில்வே ஆபீசுக்கே அனுப்பிவைத்தார். அங்கே இருந்த வரைபடத்தைக் கரையான் தின்று எத்தனையோ வருஷம். தொலைந்த பிள்ளை கிடைத்ததுபோல் அவர்கள் இதை வாங்கி, முத்திரை குத்தி, நகராட்சிக்கும் ஒரு பிரதி அனுப்பிவிட்டார்கள். நகராட்சியிலிருந்து பதில் வந்தது: ரயில் பாதைக்கு மேல் மாடி கட்ட முடியாது.

மகள் அதை வாசித்துவிட்டு மடித்து வைத்தாள். குழந்தையின் துணிகளைப் பெட்டியில் அடுக்க ஆரம்பித்தாள்.

"இடமில்லாத வீட்ல எத்தன நாள்ப்பா உங்களையும் படுத்தறது? நான் அங்கயே போயிடறேன்."

தையல்காரர் பெட்டியின் மூடியைப் பிடித்துக்கொண்டார். அங்கே என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியும்.

மனைவிதான் நகராட்சிக் கடிதத்தோடு வந்திருந்த நகலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். சட்டைப் பொத்தானுக்குக் காஜா எடுத்துப் பழகிய கண். "என்னங்க, ஒவ்வொரு மனைக்கும் ஓரத்துல எதுக்கு இன்னொரு கோடு?"

"தையலுக்கு விட வேணாமா?" என்றவர் சொன்ன வாயை அப்படியே மூடிக்கொண்டார்.

துணிக்கு விடுவதுபோல வரைபடத்தில் ஒவ்வொரு மனைக்கும் அரை இஞ்ச் விட்டிருந்தார், பழக்கதோஷம்! மனை மனையாக அது சேர்ந்து, தெருவே பெருத்து நகர்ந்து, எங்கேயோ குப்பைமேட்டுக்குப் பின்னால் சிவனே என்று கிடந்த பாதையின்மேல் இவர் வீடு போய் உட்கார்ந்துவிட்டது.

விழுந்தடித்துக்கொண்டு ரயில்வே ஆபீசுக்கு ஓடினார். அதிகாரி பொறுமையாகக் கேட்டார்.

"முத்திரை குத்தியாச்சு சார். இனிமே வரைபடம் சரிதான். உங்க வீடுதான் தள்ளி நிக்குது."

"அங்க தண்டவாளமே கிடையாதே சார்!"

"அதனால என்ன? அந்த லைனை நிறுத்தச் சொல்லி உத்தரவே வரல. வண்டி கொஞ்சம் லேட்டு, அவ்வளவுதான். ஆமா, ஸ்டேஷன நான் வந்து பார்க்கணுமே."

மறுநாளே வந்துவிட்டார். கூடத்தைக் கடக்கும் முன் வலமும் இடமும் ஒருமுறை பார்த்துக்கொண்டார். சுவரோரம் மகள் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தாள், மடியில் குழந்தை.

"இவங்க யாரு?"

"என் பொண்ணு சார்," என்றார் தையல்காரர் அழாக்குறையாக. "கிளம்பறா."

"அப்போ பயணி!" அதிகாரிக்குச் சுர்ரென்று கோபம் ஏறிவிட்டது. "கைக்குழந்தையோட ஒரு பயணி பெட்டிமேல உக்காந்திருக்காங்க. வெயிட்டிங் ரூம் எங்கய்யா? என்ன ஸ்டேஷன் நடத்தறீங்க? கீழ இடமில்லேன்னா மாடியில கட்டுங்க. நகராட்சிக்கு நான் எழுதறேன். உடனே ஆரம்பிச்சாகணும்!"

தையல்காரர் உண்மை பேச வாயெடுத்தார். மனைவி அவர் கையில் நறுக்கென்று கிள்ளி, "கட்டிடறோம் சார்" என்று முந்திக்கொண்டாள்.

அதிகாரி வாசலுக்குப் போனபோது மகள் மெல்லக் கேட்டாள்.

"அந்த ரூம்ல எவ்வளவு நாள் இருக்கலாம் சார்?"

"வண்டி வர்ற வரைக்கும்மா. அதுவரைக்கும் உங்கள யாரும் எழுந்திருன்னு சொல்ல முடியாது."

அவர் போனதும் மகள் பெட்டியைத் திறந்து, குழந்தையின் துணிகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தாள். தையல்காரர் விடுவிடுவென்று போய், வண்டி ஏதாவது வந்து தொலைத்துவிடப்போகிறதே என்று வாசற்கதவை இழுத்துச் சாத்தினார்.