பால் சிரட்டைச் சிலந்தி

கட்டுரையின் அச்சுக்கு முந்தைய பிரதி மின்னஞ்சலில் வந்தபோது உதயா போர்ட் பிளேரில், லம்பா லைன் வாடகை அறையில் துணி அலசிக்கொண்டிருந்தாள். ஈரக் கையைச் சுடிதாரில் துடைத்துவிட்டுப் போனைத் திறந்தாள். தலைப்புக்குக் கீழே ஆசிரியர் பெயர்கள் இரண்டு. முதலில் அவள் வேலை பார்த்த ஆய்வுத் திட்டத்தின் தலைவர் டாக்டர் முருகானந்தம். அடுத்தது அவருடைய நண்பர். படம் எடுத்துக் கொடுத்தவர், அந்தச் சிலந்தியை உயிரோடு ஒருநாளும் பார்க்காதவர். மூன்றாவது பெயர் இல்லை. விரலால் மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். இல்லைதான்.

பிறகுதான் தலைப்பை ஒழுங்காகப் படித்தாள். நிக்கோபார் தீவுகளிலிருந்து ஒரு புதிய குதிக்கும் சிலந்தி. அதன் லத்தீன் பெயரின் பின்பாதியில் ‘உதயாயே’ என்று அவள் பெயரே இருந்தது.

“அரே வாஹ்! ஒன் பேரா?” தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்த சித்ரா கத்தினாள். அறையைப் பகிர்ந்துகொள்பவள், ஆஸ்பத்திரியில் நர்ஸ். “பார்ட்டி குடுடி! எங்க வார்டு டாக்டருக்குக்கூட ஒரு கொசு கெடைக்கல.”

“பார்ட்டியா? என்னை வெளிய தள்ளிட்டு வாசக்கதவுல என் பேரை எழுதி வெச்சிருக்கான்டி.”

சித்ராவுக்குப் புரியவில்லை. உதயா விளக்கினாள். ஓர் உயிரினத்தை முதன்முதலாக விவரித்து எழுதுகிறவர்கள் அதற்குத் தங்கள் பெயரையே வைத்துக்கொள்வதில்லை. சட்டமெல்லாம் கிடையாது. ஆனால் யாரும் செய்யமாட்டார்கள், செய்தால் ஊர் சிரிக்கும். ஆகவே சிலந்திக்கு உதயா பெயர் என்றால், எழுதியவர்கள் வரிசையில் உதயா இருக்கக் கூடாது. கழுத்தில் மாலையைப் போட்டுக் கையோடு வெளியே அனுப்பிவிட்டார்.

“எழுதினது யாரு அப்போ?”

“நான்தான்.”

அதில் பொய் இல்லை. சிலந்தி கிடைத்த கட்சால் தீவில் முருகானந்தம் கால் வைத்ததே இல்லை. நிக்கோபார் தீவுகளுக்குப் போக வெளியாருக்கு அனுமதிச் சீட்டு வேண்டும். இரண்டு முறை கேட்டும் அவருக்குக் கிடைக்கவில்லை. உதயாவுக்கு அது சொந்த ஊர். இலங்கை மலைத்தோட்டத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்டவர்களைக் கொண்டுவந்து ரப்பர் தோட்டத்தில் இறக்கிய குடும்பங்களில் அவளுடையதும் ஒன்று. அப்பா காத்தமுத்து பால் வெட்டுகிறார். அவர் வெட்டும் மரங்களில், பால் வடியும் சிரட்டையின் விளிம்பில்தான் அந்த நான்கு மில்லிமீட்டர் ஆண் சிலந்தி முன்னங்கால்களைத் தூக்கி ஆடியது. அவள் பிடித்தாள். கப்பலில் மடியில் வைத்துக் கொண்டுவந்தாள். நுண்ணோக்கியின் கீழே கண் எரிய எரிய ஒவ்வொரு காலின் ஒவ்வொரு கணுவையும் அளந்தாள். ஆண் சிலந்தியைப் பற்றி அவள் எழுதிய எட்டுப் பக்கங்களில் அவர் மாற்றியிருந்தது இரண்டு காற்புள்ளிகள்.

அடுத்த மாதம் பதினொன்றாம் தேதி மைசூரில் பிஎச்.டி. நேர்காணல். அழைப்புக் கடிதத்தில் தெளிவாகப் போட்டிருந்தார்கள்: விண்ணப்பிப்பவரின் பெயரில் வெளியான ஆய்வுக் கட்டுரை ஒன்றாவது வேண்டும். இந்த ஒன்றைத்தான் நம்பியிருந்தாள். தோட்டத்து லயத்து வீடுகளில் அவளுக்கு முன்னால் யாரும் பன்னிரண்டாம் வகுப்பையே தாண்டியதில்லை. வேறு கட்டுரைக்கு வழிகாட்டவும் ஆளில்லை.

ஒன்பதாம் பக்கத்துக்கு வந்தபோது கை நின்றது. பெண் சிலந்தி என்று ஒரு படம். பழுப்பு உடம்பு, பக்கவாட்டில் வெள்ளைக் கோடு. பிடித்த இடம் சிப்பிகாட், பண்ணைத் தோட்டம். பிடித்தவர் முருகானந்தம்.

உதயா சத்தமாகச் சிரித்தாள்.

கட்சாலுக்குப் போக முடியாதவர், போர்ட் பிளேரிலிருந்து ஆட்டோவில் போகிற தூரத்தில் ஒரு பெண்ணைத் தேடிப் பிடித்துக் கட்டிவைத்திருக்கிறார். கடலில் ஒரு நாளுக்கு மேல் கப்பலில் போகும் தூரத்தில் இருக்கிற மாப்பிள்ளைக்கு! குதிக்கும் சிலந்திகளில் ஆணும் பெண்ணும் ஒரே சாயலில் இருக்காது. அதனால் இந்தத் தவறு யாருக்கும் வரும். கூடவே இருந்து பார்த்தவருக்கு மட்டும் வராது. நிஜமான பெண் கரும்பச்சை. சிரட்டையைத் தாங்கும் கம்பிக்குப் பின்னால் வெள்ளைப் பை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஏப்ரலில் வீட்டுக்குப் போனபோது உதயா அவளைப் பிடித்து, ஆணோடு ஒரே டப்பாவில் விட்டு, இரண்டும் சேர்வதைக் கண்ணால் பார்த்திருந்தாள். வந்ததும் அவரிடம் சொன்னாள். “அப்புறம் பேசலாம்மா” என்றார்.

இப்போது பேச வேண்டியதுதான். போன் போட்டாள்.

“என்னம்மா, பார்த்தியா? சர்ப்ரைஸ் எப்படி?” குரலில் தேன் வடிந்தது.

“பார்த்தேன் சார். சிலந்தியிலேர்ந்து என் பேரை எடுத்துருங்க. ஆசிரியர் வரிசையில போடுங்க.”

“உதயா, ஆயிரம் வருஷம் ஆனாலும் அந்தப் பேரு நிக்கும்மா. ஆசிரியர் யாருன்னு எவன் பார்க்கப்போறான்?”

“அப்போ உங்க பேரைச் சிலந்திக்கு வைங்க சார். நீங்க வரிசையிலேர்ந்து விலகிக்குங்க.”

மறுமுனையில் குரலிலிருந்த தேன் வற்றியது.

“உனக்கு வாய் ஜாஸ்தி. எனக்கும் என் டிபார்ட்மென்ட்ல பிரஷர் இருக்கு. நீ ப்ராஜெக்ட் அசிஸ்டன்ட். சாம்பிள் எடுக்கிறது உன் வேலை.”

“எழுதினதும் என் வேலைதானா? சரி. ஒன்பதாம் பக்கம் தப்பு சார். அந்தப் பெண்ணு வேற இனம். சரியான பெண்ணு என்கிட்ட இருக்கு.”

“இருந்தா அனுப்பு. அது ப்ராஜெக்ட் சாம்பிள்.”

“ப்ராஜெக்ட் மார்ச்சோட முடிஞ்சது. இது ஏப்ரல்ல எங்கப்பா வெட்டுற மரத்துல பிடிச்சது. என் பேரைப் போடுங்க, நானே கொண்டாந்து தரேன்.”

“மிரட்டுறியா?”

“கேக்குறேன் சார்.”

“மைசூர்ல யாரு இருக்காங்கன்னு தெரியும்ல? என்கிட்ட ஒரு வார்த்தை கேப்பாங்க.”

“கேக்கட்டும். கட்சால் எந்தப் பக்கம் இருக்குன்னு உங்ககிட்டயே கேக்கட்டும்.”

போன் துண்டிக்கப்பட்டது. கதவருகே நின்று கேட்ட சித்ரா தலையில் அடித்துக்கொண்டாள். “பாகல் ஹை க்யா? பைத்தியமா ஒனக்கு? கொஞ்சம் மஸ்கா போட்டிருந்தா என்ன கொறைஞ்சிருக்கும்?”

மூன்று வாரத்தில் கட்டுரை வெளியானது. ஒன்பதாம் பக்கமே காணோம். சிப்பிகாட் சிலந்தியைத் தூக்கிவிட்டு, அந்த இடத்தில் ஒரே ஒரு வரி: ‘பெண்: தெரியவில்லை.’ அவள் சொன்னதைக் கேட்டுத் தவறைத் திருத்திக்கொண்டுவிட்டார். ‘உதயாயே’வும் போய்விட்டது, அவருடைய ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவரின் பெயர் வந்திருந்தது. நன்றி சொல்லும் பத்தியில்கூட உதயா இல்லை. அங்கே ‘உள்ளூர்வாசிகள்’ இருந்தார்கள்.

மறுநாள் அப்பாவின் அழைப்பு வந்தது. சிக்னல் கிடைக்கும் மேட்டில் நின்று பேசினார், காற்று இரைந்தது.

“புள்ள, பூச்சி பேப்பர்ல வந்துருச்சா? காலையில பெரட்டுல, வேலைக்கு ஆளப் பிரிக்கிறப்போ எல்லாருக்கும் சொல்லிட்டேன். சித்ரா புள்ள சொன்னபடியே, ஒன் பேரு வச்சிருக்காங்கன்னு. பக்கத்து லயத்து ருக்கு மவன்கூட கேட்டான், கடிக்குமான்னு. எம் மவளாச்சே, கடிக்கும்டான்னேன்.”

“பேரை மாத்திட்டாங்கப்பா.”

“ஏன்?”

“நான் கேட்டதால.”

“என்னாத்த கேட்ட?”

“நான் எழுதினதுக்கு என் பேரு.”

“நாளைக்குப் பெரட்டுல நான் என்னாத்த சொல்ல?” என்றார். அவள் ஏதாவது சொல்லுமுன் லைன் போய்விட்டது.

பதினொன்றாம் தேதி வந்தது, போனது. மைசூருக்கு அவள் டிக்கெட் எடுக்கவில்லை.

பன்னிரண்டாம் தேதி, சித்ரா யார் யாரையோ கெஞ்சி ஆஸ்பத்திரி லேபில் வாங்கிவந்த பழைய நுண்ணோக்கியை ஜன்னலோரம் வைத்து, உதயா பெண் சிலந்தி இருந்த சீசாவைத் திறந்தாள். கரும்பச்சை சாராயத்தில் கொஞ்சம் மங்கியிருந்தது. எட்டுக் கண்களும் அப்படியே இருந்தன. அளவுகளைக் குறித்துக்கொண்டாள். நோட்டில் ஆசிரியர் என்று எழுதி, நேரே கா. உதயா என்று போட்டாள். ஒருத்தி மட்டும்.

அடுத்தது தலைப்பு. இந்த இனத்தின் பெண்ணைப் பற்றிய முதல் விவரிப்பு என்று எழுத வேண்டும். எந்த இனத்தின்? ஒருமுறை அச்சில் ஏறிய பெயரை இனி யாரும் மாற்ற முடியாது. அந்தப் பேராசிரியரின் பெயரையும், அதை வைத்தவர்கள் என்று முருகானந்தம், அவருடைய நண்பர் இருவரின் பெயரையும் எழுதாமல் அவளால் அடுத்த வரிக்குப் போக முடியாது.

பேனா காகிதத்தைக் கிழிக்கும் அளவுக்கு அழுத்தி, எழுத்து பிசகாமல், மூன்று பெயரையும் எழுதினாள்.