எட்டு கியர் வீடு

"அப்போ நாளைக்குச் சேத்துல மாட்டுனா வண்டிகிட்ட கெஞ்சச் சொல்றியா? அம்மா தாயே, கொஞ்சம் பின்னாடி போ, கொஞ்சம் முன்னாடி வான்னு?"

"கெஞ்ச வேண்டாம். சக்கரம் வழுக்காம மெதுவா அதுவே ஏறிடும்" என்றாள் அக்கா.

"அதுவே ஏறும், அதுவே மாறும். அப்புறம் நான் எதுக்கு? வேடிக்கை பாக்கவா?"

தம்பி மேசைமேல் கிடந்த படிவத்தைப் பேனாவால் தட்டினான். இருவருக்கும் சேர்த்து ஒரே ஒரு கான்கிரீட் லாரி. காலையில் அக்கா ஓட்டுவாள், மதியத்துக்கு மேல் தம்பி. பழையது தேய்ந்து ஓய்ந்துவிட்டதால் புதியது வாங்குகிறார்கள். நிறம், டிரம்மின் கொள்ளளவு, சக்கரங்கள் எல்லாம் பேச்சோடு பேச்சாக முடிவாகிவிட்டன. கியர்பாக்ஸ் மட்டும் பாக்கி. கையால் போடுவதா, தானாக மாறுவதா? நண்பகலுக்குள் படிவம் போய்ச் சேர வேண்டும்.

தானாக மாறுவதுதான் வேண்டும் என்பதற்கு அக்காவிடம் ஒரு காரணம் இருந்தது. அதைத்தான் சொல்ல முடியவில்லை. அவளுடைய இடது முழங்கால் எட்டு மாதமாகக் கிளட்சை மிதிக்க மறுத்தது. சொன்னால் தம்பி அன்றைக்கே அவளை வண்டியிலிருந்து இறக்கிவிடுவான். ஒருமுறை காய்ச்சல் என்றதற்கே சாவியை மூன்று நாள் ஒளித்து வைத்தவன்.

நின்ற வண்டியைக் கிளப்ப மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு மிதிப்பாள். அதற்குப் பிறகு எல்லாம் காதுதான். எட்டு கியரும் அவளுக்கு எட்டு அறைகள் கொண்ட ஒரு வீடு. இன்ஜின் சத்தம் ஏறிக்கொண்டே போய் ஓரிடத்தில் கனிந்து நிற்கும். அந்த நொடியில் கியர் கம்பியை லேசாகத் தொட்டால் போதும், கதவு திறந்து அடுத்த அறை வந்துவிடும். முதுகுக்குப் பின்னால் டிரம் சுழலும். ஈரமான ஒரு கிரகத்தை ஊருக்குள் இழுத்துக்கொண்டு போவதுபோல் இருக்கும் அவளுக்கு. சிக்னல்கள் நீருக்கடியில் எரியும் விளக்குகளாகத் தெரியும். காது ஏமாந்த நாட்களில் மட்டும் கதவு முகத்தில் அறைந்தாற்போல் மூடும். கர்ரென்று ஒரு சத்தம் எலும்புவரைக்கும் இறங்கும்.

பட்டறையிலிருந்து மெக்கானிக் உள்ளே வந்தார். பழைய லாரியின் கியர்பாக்ஸைக் காலையிலிருந்து பிரித்துக்கொண்டிருந்தவர். எண்ணெய்த் துணியில் ஏந்தி வந்த பல்சக்கரத்தைப் படிவத்தின் பக்கத்திலேயே வைத்தார்.

"பாத்தீங்களா, பல்லா இது? தேய்ஞ்ச சோப்பு. கிளட்ச் மிதிக்காம கியர் மாத்துனாத்தான் இப்படி மழுங்கும்." தம்பியின் பக்கம் திரும்பினார். "ஏன் எக்ஸ்பிரஸ், அப்படி என்ன தலைபோற அவசரம்?"

எக்ஸ்பிரஸ் என்பது தம்பிக்குப் பட்டறை வைத்த பெயர்.

"ஐயோ, நான் இல்லண்ணே!"

"நீ இல்லாம? ஸ்டெப்னி இறங்கி வந்து மாத்துச்சா?"

தம்பி சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. பல்சக்கரத்தைக் கையில் எடுத்து, மழுங்கிய ஒவ்வொரு பல்லாகக் கட்டைவிரலால் தடவினான். அவன் காது மடல்கள் சிவந்தன.

"அவசரத்துல போறப்ப மிதிச்சேனா இல்லையான்னு எனக்கே தெரியல" என்றான், குரல் இறங்கி. "நான்தான் வண்டியைக் கொன்னிருக்கேன். இந்த லட்சணத்துல கையால போடுற கியர் வேணும்னு வாய் வேற. விடுக்கா, நீ சொன்னதையே எழுதுறேன்."

பேனா 'ஆட்டோமேட்டிக்' என்ற கட்டத்துக்கு நகர்ந்தது. அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டாள். இன்னும் ஒரு நொடி வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். கால் தப்பிக்கும், வண்டி அவளுக்கே இருக்கும். தம்பியோ தலையைக் குனிந்தபடியே இருந்தான். தன் கையைத் தானே நம்பாதவன்போல் பேனாவை இறுக்கிப் பிடித்திருந்தான்.

"நீ இல்லடா. நான்தான்."

பேனா நின்றது.

"கால் வரமாட்டேங்குது. எட்டு மாசமா."

மெக்கானிக் துணியால் கையைத் துடைத்துக்கொண்டே சத்தமில்லாமல் வெளியே போனார்.

"டாக்டர்கிட்ட போனியா?"

"போனேன். கிளட்ச் மிதிக்கக் கூடாதுன்னாங்க. வண்டி ஓட்டக் கூடாதுன்னு சொல்லல."

"எட்டு மாசமா என் பக்கத்துலயே உக்காந்து சாப்பிட்டிருக்க. ஒரு வார்த்தை சொல்லல."

"சொன்னா இறக்கிவிட்டிருப்ப."

தம்பி ஆட்டோமேட்டிக் கட்டத்தில் குறி போட்டான். பேனா படிவத்தின் கடைசி வரிக்கு இறங்கி அங்கேயே தயங்கியது. புது கியர்பாக்ஸைப் பழகிக்கொள்ள லாரி கம்பெனிக்கு வரும் ஓட்டுநரின் பெயரை அங்கே கேட்டிருந்தார்கள். ஒரே ஒரு பெயருக்குத்தான் இடம்.

"நான் போய்ப் பழகிட்டு வந்து உனக்குச் சொல்லித் தரேன்" என்றாள் அக்கா. "அந்த வரியில என் பேரை எழுதுடா."