முறியாத ஆர்ம்

மாதத்துக்கு இரண்டு ஞாயிறு, காலை பத்திலிருந்து மாலை ஐந்து வரை. செங்கல்பட்டு கோர்ட் சிவராமுக்கு அவன் மகளை அளந்து கொடுத்தது அவ்வளவுதான். அடுத்த வாய்தாவில் ஜட்ஜ் அம்மா பத்து வயது அதிதியைத் தனியே கூப்பிட்டு, அப்பாவோடு போக இஷ்டமா என்று கேட்கப் போகிறார். இல்லை என்று அவள் சொல்லிவிட்டால் அந்த இரண்டு ஞாயிறும் போய்விடும். அதற்கு முன் மிச்சமிருந்தது 2003 ஜூலையின் இந்த ஒரு ஞாயிறுதான்.

பஸ் ஸ்டாண்டில் சாருலதா பெண்ணை விட்டுவிட்டு, பழைய புருஷனின் முகத்தைப் பார்க்காமலே திரும்பிப் போனாள். அப்பாவும் பெண்ணும் வழக்கம்போல மாமல்லபுரத்துக்குப் பஸ் ஏறினார்கள். பையில் அந்த ரிமோட் வண்டி இருந்தது. எண்பத்தாறில் சிவராமுக்காக அவன் சித்தப்பா சிங்கப்பூரிலிருந்து வாங்கி வந்தது. மணலில் குதித்து ஓடுவதற்கென்றே செய்தது. சக்கரத்தை உடம்போடு பிடித்திருக்கும் பிளாஸ்டிக் கைகள், சஸ்பென்ஷன் ஆர்ம் என்பார்கள், வயதாகி இற்றுப்போயிருந்தன. ஒவ்வொரு முறையும் நாலாவது குதியிலோ ஐந்தாவதிலோ ஒன்று பட்டென்று முறியும். கம்பெனி அந்த மாடலையே நிறுத்திவிட்டதால் ஸ்பேர் கிடையாது.

முறிந்ததும் இருவரும் கரையேற்றிய படகின் நிழலில் உட்காருவார்கள். தகரத் துண்டு வைத்து, கம்பி சுற்றி, எம்-சீல் பசை அப்பி, அது இறுகும் வரை காத்திருக்க வேண்டும். அதிதி திருகாணிகளை மடியில் போட்டுக்கொண்டு அப்போதுதான் பேசுவாள். வகுப்பில் யாரோடு டூ, புது வீட்டுப் பல்லி, ராத்திரியில் அம்மா அழுவது, எல்லாம் வரும். நேரே முகத்தைப் பார்த்துக் கேட்டால் மட்டும் "ம்", "தெரியாது". அதற்கு மேல் பெயராது.

இது சிவராமுக்குத் தெரியாமலில்லை. ஆனால் மறைமலைநகரில் ஒரு கம்பெனியின் டூல்ரூமில் பதினாலு வருஷம் குப்பை கொட்டியவன். உடைந்த சாமானைக் கண்டால் கை சும்மா இருக்காது. கிடைக்கிற ஏழு மணி நேரத்தில் பாதி ரிப்பேரிலேயே போகிறதே என்று ஆத்திரம் வேறு. ஷிப்ட் முடிந்ததும் மில்லிங் மிஷினில் நின்று, அலுமினியத்தில் நாலு ஆர்ம் வெட்டி எடுத்து, இந்த ஞாயிறுக்கு வண்டியில் மாட்டிக்கொண்டு வந்தான். நூலிழை பிசகில்லை. குழந்தை துள்ளிக் குதிப்பாள் என்று நினைத்தான், பாவி.

"ஐ, பளபளன்னு இருக்கே!" என்றாள் அதிதி. அந்த 'ஐ'யோடு சரி.

வண்டி மணல்மேட்டிலிருந்து இருபது தரம் குதித்தது. எதுவும் ஆகவில்லை. முதல் பேட்டரி தீர்ந்து, இரண்டாவதும் முக்கால்வாசி தீர்ந்தது. மணி பன்னிரண்டுகூட ஆகவில்லை. பக்கத்தில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்த மீனவர் தனக்கோடி நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னா சார், இன்னிக்கி ஒண்ணுமே ஒடையலயா? அப்ப நெழல்ல குந்திகினு கெடக்குற வேல இல்ல!" என்று சிரித்தார்.

சிவராமுக்குச் சிரிப்பு வரவில்லை. "ஸ்கூல்லாம் எப்படிப் போறது?" என்று மகளைக் கேட்டான்.

"ம்."

"புதுசா ஃப்ரெண்ட்ஸ்?"

"இருக்கா."

மாங்காய் பத்தை வாங்கிக் கொடுத்தான். தின்று முடித்து, கால் கட்டைவிரலால் மணலில் கோடு இழுத்தாள். பத்து நிமிஷத்தில் இரண்டு தரம் மணி கேட்டாள். மூன்றாவது தரம், "அம்மாவுக்கு போன் பண்ணி சீக்கிரம் வரச் சொல்லட்டுமா?" என்றாள்.

"இரு, கடைசியா ஒரு தடவை" என்று ரிமோட்டைக் கையில் எடுத்தான். படகுக் கயிறு கட்டும் சிமெண்ட் தூணைப் பார்த்து முழு வேகத்தில் விட்டான். ஒரே ஒரு ஆர்ம் முறிந்தால் போதும்; ஒரு மணி நேரம் அவள் கூட இருப்பாள்.

ஆர்ம் முறியவில்லை. அவன் கைவேலை அப்படி. பழைய ஆர்ம் தானே முறிந்து அடியை ஏற்றுக்கொண்டிருந்தது; புதியது அடியை அப்படியே உள்ளே அனுப்பியது. பதினேழு வருஷத்து அடித்தட்டு நடுவில் பிளந்து, கியர் பெட்டி வாயைப் பிளந்து, பற்சக்கரங்கள் மணலில் சிதறின. எந்த எம்-சீலுக்கும் அடங்காத சேதம்.

"வேணும்னே இடிச்சியாப்பா?"

அவனுக்குப் பொய் சொல்ல வாய் வரவில்லை. "ஆமாம். உடைஞ்சா நீ இன்னும் கொஞ்ச நேரம் உட்காருவேன்னு..."

அதிதி குனிந்து எதையும் பொறுக்கவில்லை. ஓரடி பின்னால் தள்ளி நின்றாள். அந்த ஓரடி அவனைக் கொன்றது.

"ஜட்ஜ் ஆன்ட்டி கேட்டா நான் பொய் சொல்ல மாட்டேம்ப்பா."

"சொல்ல வேண்டாம் கண்ணா."

கடைத்தெருவில் எஸ்.டி.டி. பூத் திறந்திருந்தது. அவனே சாருலதாவின் நம்பரைப் போட்டு, மணி அடித்ததும் ரிசீவரை அவள் கையில் கொடுத்துவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்தினான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அதிதி கையை ஆட்டி ஆட்டி, மூச்சு விடாமல் பேசிக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தைகூட அவன் காதில் விழவில்லை.