நல்ல காலின் ஸ்கேன்

பக்கவாதம் வந்த இடது காலுக்கு அப்பா வைத்த பெயர் வீட்டோட மாப்பிள்ளை. "வேளாவேளைக்குத் தைலம் தேய்ச்சு விடணும். ஆனா ஒரு துரும்பைக் கிள்ளிப் போட மாட்டான்" என்பார். லாரி ஓட்டியவர், இப்போது நாற்காலியே கதி.

அன்று மாப்பிள்ளைக்கு வேலை கொடுக்கும் நாள். செயலிழந்த பக்கத்தில் எலும்பு கரையும், முழு பாரம் ஏறினால் முறியும் என்று பயிற்சியாளர் இத்தனை நாள் தயங்கியிருந்தார். இப்போது இடுப்பெலும்பு திடமாக இருப்பதாக ஸ்கேன் சொல்லிவிட்டது.

பயிற்சிக் கூடத்தில், பிடித்து நடக்கும் இரண்டு கம்பிகளுக்கு நடுவே அப்பா நின்றார். மகள் பின்னாலிருந்து அவருடைய பெல்ட்டைப் பிடித்திருந்தாள்.

"வலது காலை மெதுவாத் தூக்குங்க சார்" என்று சொல்லிவிட்டுப் பயிற்சியாளர் ஆளுயரக் கண்ணாடியை எதிரே நகர்த்தப் போனார்.

"பயமா இருக்காப்பா?"

"எனக்கென்னம்மா பயம்? ஸ்கேன் எடுத்த தம்பிதான் பாவம், திணறிட்டான். மாப்பிள்ளை விறைச்சுக்கிட்டு திரும்பவே மாட்டேன்னுட்டான். சரி, இதை எடுப்பான்னு வலது காலைக் காட்டிட்டேன்."

மகள் பெல்ட்டை இறுகப் பற்றினாள். வலது குதிகால் ஏற்கெனவே தரையை விட்டிருந்தது. கத்தினால் பதறுவார், பாரம் முழுக்க இடப்பக்கம் சாயும்.

"அப்பா, ஷூ லேஸ் அவுந்திருக்கு. காலை இறக்குங்க, கட்டி விடறேன்."

"அப்புறம் கட்டலாம்."

"தடுக்கிடும்ப்பா. இறக்குங்க."

குனிந்து பார்த்தார். இடது முழங்கால் மடங்கத் தொடங்கியது. அவள் பெல்ட்டை வலப்பக்கமாக இழுத்துத் தன் மேல் சாய்த்துக்கொண்டு, சக்கர நாற்காலியைக் காலால் இழுத்தாள். பொத்தென்று உட்கார்ந்தார். பயிற்சியாளர் ஓடி வந்தார்.

"லேஸ் ஒழுங்காத்தானே இருக்கு?" என்றார் அப்பா.

"ஸ்கேன் தப்பான கால்ல எடுத்திருக்கு. தெரிஞ்சேதான் காட்டினீங்களாப்பா?"

அப்பா சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "அவனை எடுத்தா நிக்க விடமாட்டாங்கன்னு தெரியும்."

"முறிஞ்சா படுக்கைதான்ப்பா. அப்புறம் எப்ப நிக்கறது?"

பயிற்சியாளர் ஸ்கேன் அறைக்குப் போன் செய்தார்.

அங்கே மேசையில் கிடத்தியதும், பழக்கதோஷம்போல வலது கால் முன்னால் நீண்டது. மகள் முறைத்தாள். அப்பா அதை மடக்கிக்கொண்டார்.

"மாப்பிள்ளையை மெதுவாத் தூக்கு தம்பி" என்றார். "உள்ள என்ன மிச்சமிருக்குன்னு யாருக்குத் தெரியும்."